வழக்கத்தில் இல்லாத பொருளும் செய்தவரின் பொறுப்பும்

(நமது பள்ளிவாசல் மதரஸா மண்டபத்தில் மஹல்லாவின் சிறுதொழில் செய்வோருக்காக நடைபெற்ற கூட்டத்தில், பொதுக் காப்பீட்டுத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஜமாஅத் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நம் மக்களில் பலர் இன்று புதுமையான பொருள்களைச் செய்து விற்கின்றனர். இராயப்பேட்டையில் வீட்டு மாடியில் அத்தர் கலப்பவர் இருக்கிறார். மயிலாப்பூரில் மரப்பொம்மை கடைகிறார்கள். சகோதரிகள் மூலிகை எண்ணெய் காய்ச்சி அடையாற்றுக் கண்காட்சிகளுக்கும் தி.நகர்க் கடைகளுக்கும் கொடுக்கின்றனர். கூரியர் வழியாக அஸ்ஸாம் வரை சரக்கு போகின்றது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால், அந்தப் பொருளால் வாங்கியவருக்கோ அவர் வீட்டாருக்கோ தீங்கு நேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், "கடைக்குத் தீக் காப்பீடு இருக்கிறதே" என்கிறார்கள். தீக் காப்பீடு உங்கள் சரக்கு எரிந்தால் ஈடு தரும். உங்கள் பொருளால் பிறர் வீடு எரிந்தால் அது உதவாது. அதற்குரியது 'புராடக்ட் லயபிலிட்டி' எனப்படும் பொருள் பொறுப்புக் காப்பீடு. 1984 போபால் விஷவாயுப் பேரழிவுக்குப் பின் 1991-இல் வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தையும் இதனோடு சிலர் குழப்பிக் கொள்கின்றனர். அது ஆபத்தான இரசாயனங்களைக் கையாளும் இடங்களுக்கு உரியது. நமது பேச்சு வேறு.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். பணியில் இருந்த காலத்தில் நம் பகுதி இளைஞர் ஒருவர் என் மேசைக்கு வந்தார். மின்சாரத்தில் இயங்கும் தூபக்கால் செய்து வந்தார்: பித்தளைக் கிண்ணம், அடியில் சூடேற்றும் தகடு, கரி இல்லாமலே சாம்பிராணி புகையும். தி.நகர்க் கடைக்காரர் ஒருவர், காப்பீட்டுப் பத்திரம் கொண்டுவந்தால்தான் சரக்கு எடுப்பேன் என்று கூறிவிட்டாராம். என்னிடமிருந்த தொழில் பட்டியலைப் புரட்டினேன். பாத்திரம் இருந்தது, மின்விசிறி இருந்தது, தூபக்கால் இல்லை. "வகைப்பாட்டில் இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அவர் பொருளைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் வேறோர் இடத்தில் ஏஜெண்ட் ஒருவரைப் பிடித்தார். அந்த ஏஜெண்ட் படிவத்தில் 'பித்தளைப் பாத்திரம்' என்று எழுதி, குறைந்த பிரீமியத்தில் பாலிசி வாங்கிக் கொடுத்துவிட்டார். இரண்டாண்டு கழித்து ஒரு வீட்டில் தூபக்காலின் வயர் உருகித் திரைச்சீலை பற்றிக்கொண்டது. குழந்தையின் கையில் தீக்காயம். இழப்பீடு கோரியபோது சர்வேயர் கேட்ட முதல் கேள்வி, "பாத்திரத்திற்கு ஏது வயர்?" என்பதே. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. அந்த நிராகரிப்பில் சட்டப்படி பிழை காண முடியாது. காப்பீட்டு ஒப்பந்தத்தின் உயிரே முழு உண்மையைச் சொல்வதில்தான் இருக்கிறது. குழந்தையின் சிகிச்சைச் செலவை அவர் தம் மனைவியின் நகையை விற்றுக் கொடுத்தார், தொழிலையும் விட்டார். பொய் எழுதியவர் ஏஜெண்ட், கையெழுத்திட்டவர் அவர். ஆயினும் அவரை அந்த வழிக்குத் தள்ளியதில் எனக்கும் பங்குண்டு என்பதை இந்தச் சபையில் ஒப்புக்கொள்கிறேன்.

அக்குழந்தை தூபக்காலை விலைகொடுத்து வாங்கவில்லை. அப்படியிருந்தும் பொறுப்பு எப்படி வருகிறது? 1928-இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஒரு பெண்மணிக்குத் தோழி வாங்கிக் கொடுத்த இஞ்சிப் பானப் புட்டியில் அழுகிய நத்தை இருந்ததாக வழக்கு எழுந்தது. பணம் கொடுத்தவர் தோழிதான். எனினும் தயாரிப்பாளர் அருந்துபவருக்கும் கடமைப்பட்டவரே என்று 1932-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நமது நாட்டில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருள் பொறுப்புக்கென்றே தனி அத்தியாயம் வகுத்து 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வாங்கியவரின் ஒப்புதலோடு பயன்படுத்துபவரும் அதில் நுகர்வோரே. செய்முறைக் குறை, வடிவமைப்புக் குறை ஆகியவற்றோடு, சரியாகப் பயன்படுத்தும் முறையையும் எச்சரிக்கையையும் போதிய அளவில் எழுதாததும் தயாரிப்பாளரின் பொறுப்புக்குக் காரணமாகும். நம்மவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த மூன்றாவதில்தான். லேபிளில் பிறை, பூவேலைப்பாடு எல்லாம் இருக்கும். "கண்ணில் படாமல் பார்த்துக்கொள்க" என்ற ஒரு வரி இராது.

இன்னொன்று. வழக்குத் தொடுப்பவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். 5 இலட்சம் ரூபாய் வரை விலைகொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணமும் கிடையாது. குவாஹாட்டியில் எண்ணெய் வாங்கியவர் அங்கேயே வழக்கிட்டால் மயிலாப்பூரிலிருந்து நீங்கள்தான் வக்கீல் வைக்க வேண்டும். குற்றமற்றவராயினும் வாதாடும் செலவு வந்துவிடும். வாங்கியவர் பொருளைத் தவறாகப் பயன்படுத்தினாலோ, மாற்றியமைத்தாலோ பொறுப்பில்லை என்ற விதிவிலக்கு சட்டத்தில் உண்டு. அதையும் வாதாடித்தானே நிறுவ வேண்டும்?

இனி, பட்டியலில் இல்லாத பொருளுக்குப் பாலிசி பெறுவது எப்படி? அண்டர்ரைட்டர் நாற்காலியில் இருந்தவன் சொல்கிறேன்: அங்கே அமர்ந்திருப்பவர் ஆபத்தைக் கண்டு அஞ்சுவதைவிட, அறியாததைக் கண்டே அதிகம் அஞ்சுகிறார். பட்டாசுத் தொழிலுக்கும் விலை சொல்வார். புரியாத பொருளுக்குச் சொல்லமாட்டார். ஆகவே நீங்களே ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பொருள் என்ன செய்கிறது, யார் பயன்படுத்துவார், என்ன தீங்கு நேரக்கூடும், அதைத் தடுக்க என்ன செய்திருக்கிறீர்கள் என்பவை அதில் இருக்கட்டும். தீங்கை மறைக்காதீர்கள்; மறைத்த இடம்தான் பின்னர் நிராகரிப்புக் கடிதமாக வரும். மின்சாரப் பொருளாயின் ஐ.எஸ். 302 தரப்படி சோதித்த அறிக்கை, எண்ணெயாயின் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூட அறிக்கை, லேபிளின் நகல், தொகுதிப் பதிவேடு ஆகியவற்றை இணையுங்கள். எந்த நாளில் எந்தச் சரக்கைக் கொண்டு எத்தனை செய்து யாருக்கு அனுப்பினீர்கள் என்று எழுதி வைக்கும் சாதாரண நோட்டுதான் தொகுதிப் பதிவேடு. இரண்டு நூறு ரூபாய் நோட்டுப் புத்தகம் இல்லாமல் பல இலட்சம் இழந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

உரிமம் வேண்டிய தொழிலை உரிமமின்றிச் செய்துகொண்டு பாலிசி கேட்காதீர்கள். அழகுசாதனப் பொருள் தயாரிக்க உரிமம் கட்டாயம். பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாயிற்று, பதிவுபெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. விலக்கு முத்திரைக்குத்தான், பொம்மையின் சிறு துண்டு குழந்தையின் தொண்டையில் சிக்கினால் வரும் பொறுப்புக்கு இல்லை.

பாலிசி கைக்கு வந்ததும் படித்துப் பாருங்கள். இரண்டு வரம்புகள் இருக்கும்: ஒரு விபத்துக்கு 25 இலட்சம், ஆண்டு முழுவதற்கும் 50 இலட்சம் என்பது போல. வழக்குச் செலவும் பொதுவாக இவ்வரம்புக்குள் அடங்கும். முதலில் ஒரு தொகையை நீங்களே ஏற்க வேண்டியிருக்கும். பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறும் செலவும், குறையுள்ள பொருளையே மாற்றிக் கொடுக்கும் செலவும் இதில் வாரா. சரக்கு எடுக்கும் கடைக்காரரையும் சேர்க்க வேண்டுமெனில் விற்பனையாளருக்கான இணைப்பைக் கேட்டுப் பெறுங்கள்.

இவற்றைவிட முக்கியமானது ஒன்றுண்டு. இது 'கோரிக்கை எழும் காலத்து' பாலிசி. விபத்து நேர்ந்தபோது பாலிசி இருந்தது என்பது மட்டும் போதாது. கோரிக்கை வரும்போதும் அது நடப்பில் இருக்க வேண்டும். பாலிசியில் 'முன்தேதி' ஒன்று குறித்திருப்பார்கள். அதற்கு முன் நேர்ந்ததற்கு ஈடு இல்லை. ஓராண்டு புதுப்பிக்காமல் விட்டு மறுபடி புதிதாக எடுத்தால் அந்த முன்தேதி பறிபோய், பழைய ஆண்டுகளுக்குக் கட்டிய பிரீமியம் வீணாகிவிடும். வியாபாரம் மந்தமான ஆண்டில் நம்மவர்கள் முதலில் நிறுத்துவது இதைத்தான். கம்பெனியை மாற்றினாலும் பழைய முன்தேதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஏற்றுமதி செய்வோர் அதன் விற்பனைத் தொகையைத் தனியே காட்ட வேண்டும். அமெரிக்கா, கனடாவுக்கு அனுப்பும் சரக்கு பெரும்பாலும் தனி நிபந்தனைக்கும் கூடுதல் பிரீமியத்திற்கும் உட்பட்டது, அல்லது அறவே விலக்கப்பட்டிருக்கும். 2023-இல் சென்னையை அடுத்த ஆலையில் தயாரான கண் சொட்டு மருந்து தொடர்பாக அமெரிக்காவில் கிருமித்தொற்று பரவி, 4 பேர் இறந்ததாகவும் 14 பேர் பார்வை இழந்ததாகவும் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் அறிவித்தது. மருந்து தானே, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். சுர்மாவில் காரீயம் இருக்கக்கூடும் என்பதால் அங்கே அதற்கு அனுமதியே இல்லை. உறவினர் பெட்டியில் நூறு சுர்மாக் குப்பி அனுப்பி விற்பதும் அந்நாட்டுச் சட்டத்தின் முன் வியாபாரம்தான்.

காப்பீடு மார்க்கத்தில் ஆகுமா என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் கேட்டார். 1985-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமி, வணிகக் காப்பீட்டை ஆகாதென்றும் கூட்டுறவு முறையை ஆகுமென்றும் தீர்மானித்தது. அம்முறையில் பொருள் பொறுப்புக் காப்பீடு நம் நாட்டில் கிடைப்பதில்லை. எனவே அவரவர் நிலைமையை ஹழ்ரத் அவர்களிடம் எடுத்துரைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபத்வா சொல்லும் தகுதி எனக்கில்லை. வேண்டாம் என முடிவு செய்வோருக்கும் சோதனையும் லேபிளும் பதிவேடும் தேவையே. அத்தோடு விற்பனையில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்கி வையுங்கள். பலர் சேர்ந்து நிதி திரட்டி இழப்பீடு தருவதாக வாக்களிப்பது மட்டும் வேண்டாம்; பதிவின்றிக் காப்பீட்டுத் தொழில் நடத்திய குற்றமாகிவிடும்.

கோரிக்கை நியாயமின்றி மறுக்கப்பட்டால், தனி உரிமையாளரும் குறுந்தொழில் நிறுவனமும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். அவ்வலுவலகம் தொலைவில் இல்லை. தேனாம்பேட்டையில் அண்ணா சாலையிலேயே இருக்கின்றது. முதலில் கம்பெனிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லையெனில், அல்லது பதில் திருப்தியளிக்கவில்லையெனில் ஓராண்டுக்குள் அங்கே மனுச் செய்யலாம். 50 இலட்சம் வரை தீர்ப்பளிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. கட்டணம் இல்லை.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் முதல் ஒவ்வொரு முதல் ஞாயிறும் அஸர் தொழுகைக்குப் பின் நூலக அறையில் இருப்பேன். படிவம் நிரப்ப வருவோர் லேபிளையும் பதிவேட்டையும் பொருளின் மாதிரி ஒன்றையும் எடுத்து வாருங்கள். மின்சாரப் பொருளாயின் வயரோடு கொண்டு வாருங்கள். இம்முறை கையில் வாங்கிப் பார்க்கிறேன். வஸ்ஸலாம்.