காலவரம்புக்கு அப்பாலுள்ள கிழக்கு: சர்வதேச குற்றவியல் நீதியில் மனித உரிமைச் சட்டத்தின் இடம்

மனித உரிமைச் சட்டம் அரசைப் பொறுப்பாளியாக்குவது. சர்வதேச குற்றவியல் சட்டம், அரச படையினராயினும் ஆயுதக் குழுவினராயினும், குற்றமிழைத்த தனிமனிதரைக் கூண்டில் நிறுத்துவது. இவ்விரண்டும் எவ்விடத்தில் ஒன்றுக்கொன்று துணையாகின்றன என்பதைக் கல்முனையில் கூடியுள்ள இவ்வவை ஆராயும்போது, 1990ஆம் ஆண்டின் கிழக்கிலங்கையிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது. அவ்வாண்டு ஜூலையில் கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடி நோக்கிச் சென்ற முஸ்லிம் பயணிகள் குருக்கள்மடத்தில் விடுதலைப் புலிகளால் கடத்திக் கொல்லப்பட்டனர்; ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர்; அதே மாதம் 12இல், வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் ஊர்காவல் படையினரின் தாக்குதலுக்குப் பலியாயினர். இவற்றுள் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்கும் ஆய்வு எதுவும் இவ்வவைக்கு ஒவ்வாது.

அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழான அடிப்படை உரிமை மனு, நிறைவேற்றுத்துறையின் அல்லது நிருவாகத்துறையின் செயலுக்கு எதிராகவே உயர் நீதிமன்றத்தில் செல்லுமாதலால், ஆயுதக் குழுவால் பாதிக்கப்பட்டோருக்கு அது உதவவில்லை. சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய உரோம் நியதிச்சட்டமோ 2002 ஜூலை 1க்குப் பிந்திய குற்றங்களுக்கே உரியது. இலங்கை அதில் இணையவுமில்லை. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் பணிவரம்பு 2002 பெப்ரவரி 21இல் தொடங்கியது. 2015இல் வெளியான ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகத்தின் விசாரணை அறிக்கையும் அந்நாளையே தொடக்கமாகக் கொண்டது. கிழக்கின் மிகக் கொடிய ஆண்டு இவ்வாறு வரம்புக்கு வெளியே நின்றது பெரும் அநீதி.

இவ்விடைவெளியை நிரப்பும் வலு மனித உரிமைச் சட்டத்துக்கு உண்டு. காணாமலாக்கப்பட்டவரின் கதி தெரியும்வரை அம்மீறல் தொடர்கிறது என்பது மனித உரிமை மன்றுகள் வளர்த்தெடுத்த கோட்பாடு. இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த வலிந்து காணாமலாக்கப்படுதலுக்கு எதிரான சமவாயத்தின் 3ஆம் உறுப்புரை, அரசுசாராதோரின் அத்தகைய செயல்களையும் விசாரிக்கும் கடமையை அரசின்மீது சுமத்துகிறது. 2014இல் களுவாஞ்சிகுடி நீதவான் நீதிமன்றம் குருக்கள்மடப் புதைகுழியைத் தோண்டப் பணித்தும் அப்போது அது நடைபெறவில்லை. ஜனாஸாவைக் குளிப்பாட்டிக் கபனிட்டு அடக்கும் கடமை நிறைவேறாத குடும்பங்கள் இக்கரையோரத்தில் இன்றும் உள்ளன. பின்னோக்கித் தண்டிக்க முடியாதென்ற வாதத்துக்கும் விடையுண்டு: நாடுகளின் சமுதாயம் ஏற்ற பொதுச் சட்டக் கோட்பாடுகளின்படி, இழைக்கப்பட்ட வேளையிலேயே குற்றமாயிருந்த செயலை விசாரித்துத் தண்டிக்க அரசியலமைப்பின் 13(6)ஆம் உறுப்புரை இடமளிக்கிறது. சட்டத்துறையினர் இவ்வாசகத்தை இத்தனை காலம் போதியளவு எடுத்தாளாதது வருந்தத்தக்கது.

எனினும் தண்டிக்கும் ஆர்வம் நீதியான விசாரணையை விழுங்கிவிடலாகாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ப் பெற்ற ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொண்டு தண்டிக்கப்பட்ட சிங்கராசாவின் வழக்கில், அவ்வாக்குமூலம் விருப்பின்றிப் பெறப்பட்டதென நிரூபிக்கும் சுமையை அவர்மீதே ஏற்றியது நீதியான விசாரணைக்கான உரிமையை மீறியதென 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு கண்டது. 2006இல் உயர் நீதிமன்றம், அக்குழுவிடம் முறையிட வழிசெய்த நெறிமுறையில் இலங்கை இணைந்ததே அரசியலமைப்புக்கு முரணானது என்றது. தமிழ் இளைஞர் பலரைச் சிறையிலிட்ட பயங்கரவாதத் தடைச் சட்டமே 2019 ஏப்ரலின் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின் முஸ்லிம்கள்மீதும் பாய்ந்தது. ஆகவே 1990இன் குற்றவாளிகளைக் கூண்டிலேற்றக் கோருவோர், அவர்களுக்கும் சட்டத்தரணியையும் பலவந்தமற்ற விசாரணையையும் அதே குரலில் கோருதல் வேண்டும்.