மலையேறும் ஸதகா

 

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மலைக்கிராமங்களுக்கு ஆண்டுக்கொரு முறை மருத்துவ முகாம் கொண்டு செல்கிறோம். நஃபிலான ஸதகாவை எம்மதத்தாருக்கும் தரலாம். ஆயினும் அம்முகாமினால் விளைந்தது என்னவென்று நாம் கேட்டதில்லை.

ராஜஸ்தானின் உதய்ப்பூரில் கேட்டார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினரின் ஆய்வு 2010இல் வெளிவந்தது. சில கிராமங்களில் மாதந்தோறும் தவறாத தடுப்பூசி முகாம். வேறு சிலவற்றில் அதனுடன் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கிலோ பருப்பு. தடுப்பூசிகளை முழுமையாகப் பெற்ற குழந்தைகள் முகாமில்லா ஊர்களில் நூற்றுக்கு 6. முகாம் மட்டும் நடந்தவற்றில் 18. பருப்பும் தந்தவற்றில் 39.

நம் செலவிலோ பந்தலும் பேனரும் (பிரியாணியும் என்றால் கோபிக்க வேண்டாம்) பெரும்பங்கை விழுங்குகின்றன. அத்தொகையைப் பன்னிரண்டு மாதங்களுக்கும் பிரித்து, குறித்த தேதியில் மருத்துவர் மலையேற வழிசெய்யுமாறு நிர்வாகக் குழுவை வேண்டுகிறோம்.