நிறுத்துவது வேறு, நிற்க வைப்பது வேறு

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "ஏதாவது பேசுப்பா. ஆனா அட்வைஸ் மட்டும் வேணாம். போன தடவையே மூணு பேர் பண்ணிட்டாங்க" என்றார். அட்வைஸ் சொல்கிற தகுதியும் எனக்கு இல்லை. ஆகவே நான் செய்த ஒரு தவறைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறேன். அது ஒரு ஹேண்ட் பிரேக் பற்றியது.

எனக்கு நான்கு வருடம் சீனியரான அண்ணன் ஒருவர் பழைய டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஒன்றை வாங்கினார். இரண்டு பேர் உட்காரும், கூரை திறக்கும் ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தில் 1962-இல் வந்த வண்டி. நமக்கு அது அந்நியமானதல்ல. வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் நினைவிருக்கிறதா? இங்கே இருக்கும் அண்ணன்மார்களில் சிலர் அதில்தான் பள்ளிக்கூடம் போயிருப்பீர்கள். அந்த ஹெரால்டின் சேஸியை மாற்றியமைத்துத்தான் ஸ்பிட்ஃபயர் செய்தார்கள். இரண்டையும் வடிவமைத்தவரும் ஒருவரே, இத்தாலியரான மிக்கலோட்டி. ஆகவே ஹெரால்டு வேலை தெரிந்த பழைய மெக்கானிக் ஒருவர் இருந்தால் ஸ்பிட்ஃபயருக்குப் பயப்பட வேண்டியதில்லை.

வண்டியின் முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் 7 அங்குல டிரம். அண்ணன், "பின்னாடியும் டிஸ்க் போட்டுடலாம்டா" என்றார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நண்பனுடைய மெஷின் ஷாப் இருக்கிறது. லேத் இருக்கிறது, மில்லிங் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையும் இருக்கிறது. எனக்கோ கை அரித்தது. சரி என்றேன்.

வெளிநாட்டிலிருந்து வந்த கிட் ஒன்றில் டிஸ்க், காலிப்பர், பிராக்கெட் எல்லாம் இருந்தன. ஹேண்ட் பிரேக்குக்கு மட்டும் ஒன்றும் இல்லை. காரணம் எளிது. அது பந்தயத்துக்கான கிட். சென்னைக்காரர்களுக்குப் பந்தயம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது, கும்மிடிப்பூண்டி போகிற வழியில் இருக்கும் சோழவரம் பழைய விமான ஓடுதளம். 1990-இல் இருங்காட்டுக்கோட்டைப் பாதை வரும் வரை, முப்பது வருடங்களுக்கு மேல் அங்கேதான் கார்கள் பறந்தன. பந்தயப் பாதையில் யாரும் வண்டியைச் சரிவில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போவதில்லை. அதனால் அந்த கிட் செய்தவர்கள் ஹேண்ட் பிரேக்கை மறக்கவில்லை. அவர்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை. எனக்கு வேண்டும் என்பதை நான்தான் யோசித்திருக்க வேண்டும்.

யோசிக்கவும் செய்தேன், குறுக்கு வழியில். லைன் லாக் என்று ஒரு சின்ன வால்வு கிடைக்கிறது. பிரேக் பெடலை மிதித்துக்கொண்டே அதை மூடினால், குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் அப்படியே சிறைப்படும். பேட் டிஸ்க்கைப் பிடித்தபடி நிற்கும். கேபிள் வேண்டாம், லீவர் வேண்டாம். "எவ்வளவு அழகா இருக்கு பாருண்ணே!" என்று நானே பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜி.என்.டி. சாலையில் கவரைப்பேட்டை வரை ஓட்டிப் பார்த்தோம். வேகமாகப் போய் அழுத்திப் பிடிப்பது, மறுபடி வேகம், மறுபடி பிடிப்பது. பிரேக் அருமை. திரும்பி வந்து ஷெட்டின் சாய்தளத்தில் நிறுத்தி, பெடலை மிதித்து, வால்வை மூடினேன். பிறகு உள்ளே தள்ள வேண்டும் என்பதால் கியரை நியூட்ரலில் விட்டேன். வண்டி அசையவில்லை. டீ குடிக்கப் போனோம்.

இருபது நிமிடம் இருக்கும். பெரிய சத்தம். ஓடி வந்து பார்த்தால், வண்டி தானாக உருண்டு கீழே அடுக்கியிருந்த இரும்புப் பெட்டிகள் மேல் மோதி நிற்கிறது. முன் விளக்கு நொறுங்கிவிட்டது. அது போகட்டும். அந்தப் பெட்டிகளின் நிழலில் உட்கார்ந்துதான் ஷாப்பில் வேலை செய்யும் தம்பி ஒருவன் மதியச் சாப்பாடு சாப்பிடுவான். கை கழுவ எழுந்து போயிருந்தான். அவனுடைய டிபன் பாக்ஸ் பம்பருக்கும் பெட்டிக்கும் நடுவே அப்பளமாக நசுங்கிக் கிடந்தது. அவன் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "சார், அம்மா திட்டுவாங்க சார்" என்றான். எனக்குக் காலில் பலமே இல்லை.

எடை மேடைக்கு வந்திருந்த லாரி டிரைவர் ஒருவர், எங்களைவிட வயதில் பெரியவர், எட்டிப் பார்த்தார். "என்னா தம்பி, கட்டை போடலையா?" என்று மட்டும் கேட்டார். அவ்வளவுதான். பொறியியல் பட்டம் வாங்கிய எனக்கு இந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது.

என்ன நடந்தது? தம்பி தங்கைகள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஓட்டி வந்ததில் டிஸ்க்கும் பேடும் காலிப்பருக்குள் இருந்த ஆயிலும் சூடாக இருந்தன. நிறுத்தியதும் ஆற ஆரம்பித்தன. ஆறினால் சுருங்கும். பிரேக் ஆயில் அழுத்தினால் அமுங்காத பொருள் என்பதால்தான் பிரேக்கே வேலை செய்கிறது. அதே குணம் இங்கே எதிரியாகிவிட்டது. மூடிய குழாய்க்குள் ஆயிலின் கனஅளவு ஒரு துளி குறைந்தாலும் அழுத்தம் மளமளவென்று இறங்கிவிடும். வால்வின் ரப்பர் சீலில் கண்ணுக்குத் தெரியாத கசிவு இருந்தாலும் இதே கதிதான். அதனால்தான் ஐ.நா.வின் 13-எச் பிரேக் விதி, பார்க்கிங் பிரேக்கைப் பிடித்து வைப்பது முழுக்க முழுக்க இயந்திரப் பிடிப்பாக இருக்க வேண்டும் என்கிறது. நம்முடைய மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 96-ஆம் விதியும் பார்க்கிங் பிரேக், கால் பிரேக் என்று தனித்தனி ஏற்பாடு கேட்கிறது. என் லைன் லாக் கால் பிரேக்கின் குழாயிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் குழாய் போனால் இரண்டும் போச்சு!

சரி, கழற்றிய பழைய டிரம் இத்தனை வருடம் இதை எப்படிச் செய்தது? டிரம் பிரேக்கில் ஒரு ரகசியம் உண்டு. சக்கரம் சுழலப் பார்க்கும்போது, டிரம் ஒரு ஷூவைத் தன்னோடு சேர்த்து இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். முன்னால் உருண்டால் ஒரு ஷூ, பின்னால் உருண்டால் மற்றொன்று. நாம் கொடுக்கும் விசையை அது பெருக்கித் தருகிறது. டிஸ்க்கில் இந்த உதவி இல்லை. எவ்வளவு அமுக்குகிறோமோ அவ்வளவுதான் பிடி.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் நாளே போட்டிருக்க வேண்டிய கணக்கு. ஆட்களோடும் சாமானோடும் வண்டி 1000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 13-எச் விதி சொல்லும் சரிவு 20 சதவீதம், அதாவது 5 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம். அதில் வண்டியைக் கீழே இழுக்கும் விசை ஏறக்குறைய 196 கிலோ. சக்கரத்தின் ஆரம் 28 செ.மீ., டிஸ்க்கில் பேட் பிடிக்கும் இடத்தின் ஆரம் 10 செ.மீ., உராய்வு எண் 0.35 என்று கொண்டால், ஒவ்வொரு பின்சக்கரத்திலும் பேடை டிஸ்க்கோடு சேர்த்து அமுக்க 390 கிலோ விசை வேண்டும்.

கை எவ்வளவு தரும்? 20 கிலோ பலத்தில் இழுக்கிறோம். லீவர் அதை 7 மடங்காக்கி 140 கிலோ ஆக்குகிறது. இரண்டு சக்கரத்துக்கும் பங்கிட்டால் ஆளுக்கு 70. கேபிள் உராய்வில் கொஞ்சம் போக, 55 வந்து சேரும். 55-ஐ 390 ஆக்க, காலிப்பரில் இன்னொரு 7 மடங்கு பெருக்கம் தேவை. விதி அனுமதிக்கும் கைவிசை 400 நியூட்டன், சுமார் 41 கிலோ. அது உச்சவரம்பு. எல்லோர் கையிலும் அந்தப் பலம் இருக்காது.

இந்தப் பெருக்கத்துக்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, டிஸ்க்கின் நடுக்குடத்துக்குள்ளேயே சின்ன டிரம் ஒன்றை வைத்து, நிற்க வைக்கும் வேலையை அதற்குக் கொடுப்பது. என்னைக் கேட்டால் இதுவே உத்தமம்; ஆனால் 13 அங்குலச் சக்கரத்துக்குள் எங்களுக்கு இடம் போதவில்லை. இரண்டு, கேபிளில் மட்டும் இயங்கும் தனிக் குட்டி காலிப்பர். பொருத்துவது சுலபம், பேட் தேயத் தேயக் கையால் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். மூன்று, காலிப்பரின் பிஸ்டனுக்குள்ளேயே திருகு வைத்து, வெளியே ஒரு லீவரோடு வருவது. கால் மிதித்தால் ஆயில் தள்ளும், கை இழுத்தால் திருகு தள்ளும். தேய்மானத்தையும் அதுவே ஈடுகட்டிக்கொள்ளும். நாங்கள் மூன்றாவதை எடுத்தோம்.

புதுப்பேட்டையில் அரை நாள் அலைந்து, பின்னால் டிஸ்க் உள்ள கார் ஒன்றின் காலிப்பர் ஜோடியை மாதிரிக்கு வாங்கினோம். அளவெல்லாம் எடுத்த பிறகு அதே மாடலில் புதியது வாங்கினோம். பிரேக்கில் பழைய உருப்படியை நம்பக்கூடாது. பிஸ்டன் அளவையும் பார்த்துத்தான் எடுத்தோம். பின்சக்கரப் பிடி அதிகமானால், அழுத்திப் பிடிக்கும்போது பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றிவிடும். ஸ்பிட்ஃபயரின் பின் அச்சு அமைப்பு அதை மன்னிக்கிற ரகமும் அல்ல.

பொருத்தும்போதும் அடி வாங்கினோம். கேபிள் நேராக வரட்டும் என்று இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டினேன். கேபிள் அழகாக வந்தது. ஆனால் காற்று வெளியேற்றும் நிப்பிள் கீழே போய்விட்டது! காற்று மேலே அல்லவா நிற்கும்? எத்தனை தடவை பிளீட் செய்தாலும் பெடல் பஞ்சு மாதிரி இருந்தது. கழற்றி மாற்றினோம். காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் புதிய பிராக்கெட் கடைந்து வாங்கினோம். சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது கேபிள் இழுபடாதபடி அதன் வெளியுறையை ஒரு முனையில் சேஸியோடும் மறுமுனையில் காலிப்பரோடும் இறுக்கி, நடுவே தாராளமாக வளைவு விட்டோம்.

இன்னொரு பாடம்: இந்த வகைக் காலிப்பரில் முதலில் பெடலைப் பலமுறை மிதித்து, உள்ளே இருக்கும் திருகு தன்னைச் சரிசெய்துகொள்ள விட வேண்டும். அதன் பிறகே கேபிளை இறுக்க வேண்டும், அதுவும் லீவர் முழுதாகத் திரும்பி ஓய்வில் இருக்கும்படி. முதலிலேயே கேபிளை முறுக்கி வைத்தால் உள்திருகு வேலை செய்யாது. நாளாக ஆக ஹேண்ட் பிரேக் ஏறிக்கொண்டே போகும். பேட் மாற்றும்போது பிஸ்டனைத் தள்ளக்கூடாது, சுழற்றித்தான் உள்ளே அனுப்ப வேண்டும்.

பிறகு சோதனை. லீவரில் விசைத் தராசை மாட்டி, 20 கிலோவுக்கு மேல் இழுக்காமல், அதே சாய்தளத்தில் மூக்கு மேலே ஒரு முறை, மூக்கு கீழே ஒரு முறை. முக்கியமாக, நன்றாக ஓட்டிச் சூடாக்கி நிறுத்திவிட்டு, ஆறும் வரை ஒரு மணி நேரம் காத்திருந்தோம். சக்கரத்துக்கு ஒரு விரல்கடை தள்ளிக் கட்டை. கீழே ஒரு மனிதர்கூட இல்லை. வண்டி கட்டையைத் தொடவில்லை. அடுத்த வாரம் விடியற்காலையில் திருத்தணி மலைப்பாதையில் ஏற்றத்திலும் இறக்கத்திலும் பார்த்தோம், நின்றது. அண்ணன் முருகனைக் கும்பிடப் போனார். நான் வண்டிப் பக்கத்திலேயே நின்றேன்!

சட்ட விஷயமும் ஒன்று. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2021-இல் வந்த விண்டேஜ் வாகன விதிகள், 50 வருடம் கடந்த வண்டியின் சேஸி, பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் கூடாது என்கின்றன. அதனால் சேஸியில் ஓர் ஓட்டைகூடப் போடாமல் பழைய துளைகளிலேயே பிராக்கெட்டை மாட்டினோம். கழற்றிய டிரம்களை எண்ணெய் தடவி மூட்டை கட்டி வைத்திருக்கிறோம். நாளைக்கே பழையபடி மாற்றலாம்.

உண்மையைச் சொன்னால், அவ்வளவு லேசான வண்டிக்கு அந்த டிரம்களே போதும். அழுத்திப் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் பெரும்பாலான வேலையைச் செய்வது முன்பிரேக்தான். இப்போது யாராவது வந்து பின்னால் டிஸ்க் போடலாமா என்று கேட்டால், "டிரம்மை நல்லா ரெடி பண்ணிக்கோங்க, போதும்" என்றுதான் சொல்கிறேன். ஆனாலும் போட்டே தீருவேன் என்றால், ஹேண்ட் பிரேக்கை முதலில் வரைந்துவிட்டு, டிஸ்க்கைப் பிறகு வரையுங்கள்.

அந்த டிரம் இரண்டு வேலை செய்துகொண்டிருந்தது. ஓடும் வண்டியை நிறுத்தியது. நின்ற வண்டியை நிற்க வைத்தது. நான் முதல் வேலையை மட்டும் பார்த்தேன். இரண்டாவது வேலை சத்தம் போடாத வேலை, அது இல்லாமல் போகும்போதுதான் தெரியும். ஒரு பழைய பாகத்தைக் கழற்றும் முன், 'இது வேறென்ன செய்துகொண்டிருந்தது?' என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நான் இப்போது எழுதுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எழுதவில்லை.

அந்தத் தம்பிக்குப் புது டிபன் பாக்ஸ் வாங்கிக் கொடுத்தேன். இப்போது அவன்தான் அந்த ஷாப்பில் கட்டைக்குப் பொறுப்பு. எந்த வண்டி உள்ளே வந்தாலும், ஓட்டி வந்தவர் முதலாளியானாலும், "சார், இருங்க, கட்டை போட்டுக்கறேன்" என்று ஓடி வருகிறான். அட்வைஸ் வேண்டாம் என்ற செயலாளர் அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். இது என் அட்வைஸ் இல்லை, அந்த லாரி டிரைவருடையது.