ஜூலை வெயிலில் ஆறு நாள் பந்தயம்: ஒரு அப்பா செய்த தப்பு

போன எபிசோடைக் கேட்டுட்டு நிறையப் பேர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தீங்க. பசங்க சைக்கிள் ரேஸ் ஓட்டுறாங்க, வெயில் காலத்துல என்ன கவனிக்கணும்னு. இதுக்கு நான் டாக்டர் மாதிரி பதில் சொல்ல முடியாது. நான் டாக்டர் இல்லை, கோச்சும் இல்லை. டீம் வேன் ஓட்டி, பாட்டில் கழுவி, ரோட்டோரம் நின்னு தண்ணி நீட்டுற அப்பா. அதனால நான் செஞ்ச ஒரு தப்பைச் சொல்றேன். அதுல உங்களுக்கு வேணுங்கிறது இருக்கும்.

இடம் கியூபெக் மாகாணத்தோட வடமேற்கு மூலை, அபிடிபி. அங்கே ஒவ்வொரு ஜூலையும் 'டூர் டி லாபிடிபி'ன்னு ஜூனியர்களுக்கான ரேஸ் நடக்கும். 1969-ல ஆரம்பிச்சது. 17, 18 வயசுப் பசங்களுக்கு வட அமெரிக்காவில இதைவிடப் பேர்போன ரேஸ் கிடையாதுன்னே சொல்லலாம். வழக்கமா 6 நாள், 7 கட்டம். ஒருநாள் மட்டும் காலையில டைம் டிரையல், சாயங்காலம் இன்னொரு ரேஸ். ஐரோப்பாவில இருந்தெல்லாம் தேசிய அணிகள் வரும். எங்களை மாதிரி ஒன்டாரியோ கிளப் டீமும் போகும்.

மிசிசாகாவில இருந்து கிளம்பி நெடுஞ்சாலை 11-ல வடக்கே போகணும். நார்த் பே தாண்டினதும் ஊர்கள் குறைஞ்சிடும். அப்புறம் காடு, ஏரி, காடு, ஏரி. எட்டு மணி நேரத்துக்குக் குறையாது. இவ்வளவு வடக்கே போறோமே, குளிருமோன்னு நான் ஸ்வெட்டர் எடுத்து வச்சேன். சிரிக்காதீங்க, அந்த ஸ்வெட்டரை மடிச்சு ஐஸ் பெட்டிக்கு அடியில போட்டதுதான் அதுக்குக் கிடைச்ச ஒரே உபயோகம்.

முதல் நாள் 33 டிகிரி. கோச் முகம் சுருங்கிப் போச்சு. நான் மனசுக்குள்ள சிரிச்சேன். நான் வேலூர்க்காரன். கத்திரி வெயில்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு கிரிக்கெட் ஆடினவன். 33 எல்லாம் எங்க ஊர்ல நல்ல நாள். இதுக்குப் போய் இந்த வெள்ளைக்காரங்க அலட்டிக்கிறாங்களேன்னு நினைச்சேன். தப்பு அங்கேதான் ஆரம்பிச்சது.

நான் ரெண்டு விஷயத்தைக் கணக்குல எடுக்கலை. ஒண்ணு, ஈரப்பதம். சுத்தி அத்தனை ஏரி. தெர்மாமீட்டர்ல தெரியற எண் மட்டும் போதாது. விளையாட்டுல 'வெட் பல்ப் குளோப்'னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க. ஈரத்துணி சுத்தின தெர்மாமீட்டர் காட்டுறதுல 70 சதவீதம், வெயில்ல வச்ச கறுப்பு உருண்டைக்குள்ள இருக்கிறதுல 20, சாதாரண வெப்பநிலையில வெறும் 10 சதவீதம். சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ, அதிக வெப்பத்துக்குன்னு வச்சிருக்கிற நெறிமுறையிலும் இந்தக் கணக்குதான். 28-ஐத் தாண்டினா சிவப்பு மண்டலம். புழுக்கம் சேர்ந்தா 33 டிகிரியே அந்தக் கோட்டைத் தாண்டிடும்.

ரெண்டாவது, பழக்கம். உடம்பு வெயிலுக்குப் பழகறதுக்கு 10-லிருந்து 14 நாள் ஆகும். அந்த நாட்கள்ல ரத்தத்தோட நீர்ப்பகுதி கூடுது, வியர்வை சீக்கிரமா வர ஆரம்பிக்குது, அதுல உப்பு குறையுது. எனக்கு அது சின்ன வயசுல தானா நடந்தது. என் பையன் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கே. ஏப்ரல்ல பனி உருகி, மே மாசம் ஜாக்கெட் போட்டு ஓட்டி, ஜூன்ல பரீட்சை எழுதிட்டு நேரா இங்கே வந்து நிக்கறான். வேலூர் வெயில் என் உடம்பில இருந்தது, அவன் உடம்பில இல்லை. அப்பன் ஊர் வெயில் பிள்ளைக்கு எப்படிப் பழகும்? இது யோசிச்சா ஒரு நிமிஷத்துல புரியற விஷயம். நான் யோசிக்கலை.

முதல் நாள் ஐஸும் கம்மியாத்தான் வாங்கினேன். ரெண்டு மூட்டை. ஃபீட் சோன்ல, அதாவது பாட்டில் கொடுக்கிற இடத்துல, ரேஸ் வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போய் நிக்கணும். பசங்க வந்து சேர்ந்தப்ப தண்ணி வெதுவெதுன்னு ஆயிடுச்சு. ஆறு பேரும் பாட்டிலை வாங்கினாங்க. ரெண்டு பேர் ஒரு வாய் குடிச்சுட்டுத் தலையில ஊத்திக்கிட்டாங்க. சூடான தண்ணியை யாரும் வேணுங்கிற அளவு குடிக்க மாட்டாங்க.

ஏன் இவ்வளவு தண்ணி வேணும்னு சொல்லிடறேன். பெடலை மிதிக்கும்போது உடம்பு எரிக்கற சக்தியில 20-லிருந்து 25 சதவீதம்தான் சைக்கிளை நகர்த்துது. மிச்சமெல்லாம் சூடு. 250 வாட்ல மிதிக்கற பையனுக்குள்ள 750 வாட்டுக்குக் குறையாம சூடு உண்டாகுது. நம்ம வீட்டு அயர்ன் பாக்ஸ் அளவுன்னு வச்சுக்கோங்க. அதை மூணு மணி நேரம் வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு ஓட்டறான். அந்தச் சூட்டை வெளியேத்த ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல வியர்வை ஆவியாகணும். வேகமாப் போகும்போது காத்து உதவும். ஃபினிஷ் கோட்டைத் தாண்டி நின்னதும் காத்தும் நின்னுடும், உள்ளே சூடு நிக்காது. நிறையப் பசங்க ஜெயிச்ச சந்தோஷத்துலயே மயக்கம் போடறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

முன்னெல்லாம் இதையும் வீரம்னு நினைச்சாங்க. டூர் டி பிரான்ஸ்லயே ஒருகாலத்துல தண்ணிக்குக் கட்டுப்பாடு இருந்தது. 1967 ஜூலை 13-ஆம் தேதி டாம் சிம்ப்சன் மோன் வாந்து மலையேத்தத்துல செத்துப்போனார். அவர் ஊக்கமருந்து எடுத்திருந்தார், மதுவும் குடிச்சிருந்தார், அதையும் சொல்லணும். ஆனா அன்னிக்கு இருந்த வெயிலையும் சேர்த்துத்தான் அந்தச் சாவைப் பேசறாங்க. நம்ம ஊர்லயும் பி.டி. வாத்தியார் ஓடும்போது தண்ணி குடிச்சா வயிறு பிடிக்கும்னு சொல்லித்தானே வளர்ந்தோம்.

ரெண்டாம் நாள் திருந்திட்டேன்னுதான் நினைச்சேன். எட்டு மூட்டை ஐஸ். கோச் ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தார். பெண்கள் போடற நைலான் ஸ்டாக்கிங்ஸை வெட்டி, அதுக்குள்ள ஐஸ் நிரப்பி முடிச்சுப் போட்டு, கழுத்துக்குப் பின்னாடி ஜெர்சிக்குள்ள சொருகணும். கடையில பன்னெண்டு ஜோடி வாங்கினேன். கல்லாவில இருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க. எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சில விளக்கம் சொல்லப் போய், இன்னும் மோசமாச்சு.

சாயங்காலம் உப்புப் போட்ட மோர். வெறும் தண்ணியை மட்டும் லிட்டர் லிட்டராக் குடிச்சா ரத்தத்துல சோடியம் இறங்கிடும், அதுவும் ஆபத்து. என் பையன் வெட்கப்பட்டான், ஆனா பக்கத்து அறையில இருந்த ஒரு பையன் தினமும் டம்ளரோட வந்து நின்னான்.

ஆனா பல நாள் ரேஸ்ல நேத்து விட்டது இன்னிக்கு வந்து நிக்கும், கடன் மாதிரி. தினமும் காலையில எடை பார்த்து எழுதினோம். முதல் நாள் 62 கிலோ. ரெண்டாம் நாள் 61.3. மூணாம் நாள் 60.6. படுக்கையில எழுந்ததும் எண்ணற நாடித்துடிப்பு 52-லிருந்து 63 ஆயிடுச்சு. மூணாம் நாள் ராத்திரி தட்டில இருந்த பாஸ்தாவைக் கிளறிக்கிட்டே இருந்தான். பசி விட்டுப் போறதும் வெயில் பண்ற வேலைதான்.

நாலாம் நாள் காலை எடை 61.5.

எனக்கு ஒரே சந்தோஷம். மோர் வேலை செஞ்சிடுச்சுன்னு நினைச்சேன். கோச் நோட்ல எழுதிட்டுப் போனார். அப்புறம் பையன் ஜெர்சி மாத்தறப்பதான் பார்த்தேன். பின்பாக்கெட்ல ஒரு முழு பாட்டில். அதோட சேர்த்து எடை பார்த்திருக்கான்.

"அப்பா, ப்ளீஸ். கோச்கிட்ட சொல்லாதீங்க."

அவன் பக்கத்து நியாயத்தையும் சொல்றேன். இந்த மாதிரி ரேஸ்ல ஒரு கட்டத்தை முடிக்கலைன்னா மறுநாள் ஸ்டார்ட் கிடையாது, மொத்த ரேஸும் போச்சு. மொத்தக் கணக்குல அவன் முதல் இடத்துக்கு 40 விநாடிக்குள்ள இருந்தான். அபிடிபியில பெரிய மலை கிடையாது, எல்லாம் விநாடிக் கணக்குதான். எட்டு மாசமா விடியக்காலம் அஞ்சு மணிக்கு பேஸ்மென்ட்ல டிரெய்னர் மேல மிதிச்சதை மேல் மாடியில படுத்துக்கிட்டு நான் கேட்டிருக்கேன். அந்தச் சத்தம் காதுல இருக்கும்போது, "உட்காருடா, இன்னிக்கு வேண்டாம்"னு சொல்ல வாய் வரலை. "பார்த்து ஓட்டு, நிறையக் குடி"ன்னு மட்டும் சொன்னேன். கோச்கிட்ட சொல்லலை.

சின்னப் பசங்க உடம்புக்கு வெயிலைத் தாங்கற சக்தி பெரியவங்களைவிடக் கம்மின்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2011-ல அந்தக் கருத்தை மாத்திக்கிச்சு. போதுமான தண்ணி இருந்தா வித்தியாசம் பெரிசா இல்லை. தண்ணி குறையறது, ஓய்வு இல்லாம திரும்பத் திரும்ப உழைக்கறது, இதெல்லாம்தான் காரணம்னு சொன்னாங்க. இதை நான் ஊருக்குத் திரும்பி வந்து படிச்சேன். படிச்சப்ப எனக்கு இன்னும் வலிச்சது. உடம்புதான் காரணம்னா விதின்னு விட்டிருப்பேன்.

அன்னிக்கு ஃபீட் சோன்ல கூட்டம் கும்பலா வந்தது. என் பையன் வாலில. பாட்டிலை நீட்டினேன். பார்த்தான், கை வரலை. கடந்து போனப்ப அவன் கை முழுக்க மயிர்க்கூச்செறிஞ்சு இருந்ததைப் பார்த்தேன். 34 டிகிரி வெயில்ல. குளிர் எடுக்குதுன்னு அர்த்தம். அதுக்கு மேல போகக் கூடாது.

வேனை எடுத்துக்கிட்டு ஊருக்குள்ள ஓடினேன். அங்கே கடைசியில சுத்துப்பாதையில சில ரவுண்டு ஓட்டணும். கூட்டம் வந்தது. ரெண்டு நிமிஷம் கழிச்சு அவன் தனியா வந்தான். நேரா வரலை. ரோட்டோட ரெண்டு ஓரத்துக்கும் அலைஞ்சு அலைஞ்சு வந்தான். நான் தடுப்பைத் தாண்டி உள்ளே போய் ஹேண்டில்பாரைப் பிடிச்சேன்.

"எந்த ஊர்டா இது?"

"நார்த் பே."

நார்த் பேயை நாங்க தாண்டி அஞ்சு நாள் ஆயிருந்தது.

உடம்பு சூடோட பேச்சு குழம்பினா, அது வெறும் களைப்பு இல்லை, ஹீட் ஸ்ட்ரோக்னு வச்சுக்கிட்டுத்தான் நடக்கணும். முதல்ல குளிர வைக்கணும், அப்புறம்தான் ஆஸ்பத்திரி. ஐஸ் பெட்டியை அப்படியே அவன் மேல கவிழ்த்தேன். முதலுதவிக்காரங்க ஒரு நிமிஷத்துல வந்துட்டாங்க. நிழலுக்குத் தூக்கிட்டுப் போய், ஹெல்மெட், ஜெர்சி, ஷூ எல்லாம் கழட்டி, ஐஸ் தண்ணியில நனைச்ச துண்டுகளை உடம்பு முழுக்கப் போட்டு மாத்திக்கிட்டே இருந்தாங்க. அளந்து பார்த்தப்ப 39.8. ஐஸ் கொட்டினதுக்கு அப்புறம் எடுத்தது அது. இருபது நிமிஷத்துல கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "ஏன் நிறுத்தினீங்க?"ன்னான். நான் அழுதேன். அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ரத்தம் எடுத்தாங்க. சிறுநீரகம் நல்லா இருக்குன்னு சொன்னாங்க.

கோச்கிட்ட அன்னிக்கு ராத்திரி பாட்டில் கதையைச் சொன்னேன். அவர் கத்தலை. நோட்டைத் திறந்து 61.5-ஐ அடிச்சுட்டு, பக்கத்துல எதுவும் எழுதாம மூடி வச்சார். மறுநாள்ல இருந்து அந்த டீம்ல எல்லாரும் வெறும் ஷார்ட்ஸோட, கோச் முன்னாடி நின்னுதான் எடை பார்த்தாங்க. அப்பாக்களுக்கு அந்த நேரத்துல அறைக்குள்ள அனுமதி இல்லை. நியாயம்தான்.

மிச்சம் ரெண்டு நாளும் அவன் என்கூட ஃபீட் சோன்ல நின்னு பாட்டில் நீட்டினான், கோபத்தோட. எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. திரும்பி வரும்போதும் அப்படித்தான். நார்த் பேயில பெட்ரோல் போட நிறுத்தினேன். ஊர்ப் பேரைப் பார்த்துட்டு அவனே சிரிச்சுட்டான். "இதுதான்ப்பா நார்த் பே"ன்னான்.

அடுத்த வருஷமும் போனான். மே மாசக் கடைசியில இருந்தே கராஜ்ல ஃபேன் இல்லாம டிரெய்னர் மிதிச்சு உடம்பைப் பழக்கினான், கோச் மேற்பார்வையில. எட்டு மூட்டை ஐஸ் நானே வாங்கினேன். தினமும் காலையில எடை என்னன்னு கேட்டேன்.

"கோச்சைக் கேளுங்கப்பா"ன்னுட்டான்.