கரை தட்டப் பிறந்த கப்பல்



கப்பல் கரை தட்டினால் கேப்டனுக்குத் தலைகுனிவு. விசாரணை வரும், வேலைகூடப் போகும். ஆனால் கரை தட்டுவதற்கென்றே ஒரு கப்பலைக் கட்டினார்கள்! துறைமுகமே இல்லாத கடற்கரையில் டேங்குகளைக் கொண்டுபோய் இறக்கும் எல்.எஸ்.டி. கப்பல். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா இப்படி ஆயிரத்துக்கு மேல் கட்டியது. பெயர் வைக்கக்கூட நேரமில்லை, எண் மட்டும்தான். நான் பேச வந்தது 325-ஐப் பற்றி.

1942 அக்டோபரில் பிலடெல்பியாவில் நீரில் இறங்கியது. நீளம் 328 அடி, அடிப்பாகம் தட்டை. நடுக்கடலில் தொட்டிகளில் தண்ணீரை நிரப்பி அமிழ்ந்து ஓடும். கரை நெருங்கியதும் தண்ணீரை வெளியே தள்ளி மேலெழும். மணலில் முட்டுவதற்கு முன்பே பின்பக்க நங்கூரத்தைக் கடலில் போட்டுவிடுவார்கள். முகப்புக் கதவுகள் திறக்கும், சாய்தளம் இறங்கும், டேங்குகள் தாமே ஓடி வெளியேறும். பிறகு அந்த நங்கூர வடத்தை விஞ்ச் சுருட்டச் சுருட்ட, கப்பல் பின்வாங்கிக் கடலுக்குத் திரும்பும். போகும்போதே மீளும் வழியையும் போட்டுவிட்டுப் போகிறது, பாருங்கள்! வேகம் மட்டும் கேட்காதீர்கள். ‘பெரிய, மெதுவான இலக்கு’ என்று அதன் மாலுமிகளே கேலி பேசினார்கள்.

325 போன போர்முனைகள்: சிசிலியில் கேலா, இத்தாலியில் சலெர்னோ, 1944 ஜூன் 7 அன்று நார்மண்டியின் ஒமாஹா கடற்கரை. போர் வரலாறு எழுதுபவர்கள் இந்தப் போன கதையைத்தான் விரித்து எழுதுகிறார்கள். எனக்கோ வந்த கதைதான் பெரிது. வாகனங்களை இறக்கிவிட்டு, காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்துக்குத் திரும்பியது இந்தக் கப்பல். மறுபடி சரக்கு, மறுபடி பிரான்ஸ். அப்படி நாற்பது தடவைக்கு மேல் போய் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 28 அன்று, படைவீரர்களைச் சுமந்துவந்த எம்பயர் ஜாவலின் என்ற கப்பல் ஆங்கிலக் கால்வாயில் மூழ்கியபோது, சுமார் 700 பேர் உயிரோடு கரை சேர 325 துணை நின்றது. கொல்லும் கருவிகளைச் சுமக்கப் பிறந்த கப்பலுக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்?

1946-இல் ஓய்வு. 1951-இல் மீண்டும் அழைத்து, வடகோடிப் பனிக்கடலோரம் ரேடார் நிலையங்கள் கட்டும் வேலைக்கு அனுப்பினார்கள். 1964-இல் கிரேக்கக் கடற்படைக்குப் போனது. அங்கேதான் அதற்குப் பெயர் கிடைத்தது: ‘சீரோஸ்’, ஒரு தீவின் பெயர்.

2000-இல் அமெரிக்காவின் முன்னாள் கடற்படையினர் சிலர், அங்கே நின்றிருந்த இந்தக் கப்பலை மீட்டுவர கிரேக்கத்தின் கிரீட் தீவுக்குப் போனார்கள். சராசரி வயது 72. பேரப்பிள்ளைகளைக் கொஞ்ச வேண்டிய வயதில், துருவைச் சுரண்டி, எஞ்சினைச் சீர்செய்து, அட்லாண்டிக்கைக் கடந்து, 2001 ஜனவரியில் அலபாமாவின் மொபைல் துறைமுகத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நமக்கோ மாடிப்படி ஏறவே யோசனை!

இப்போது அது இந்தியானா மாநிலத்தின் எவன்ஸ்வில் நகரில், ஓஹியோ ஆற்றில் நிற்கிறது. போர்க்காலத்தில் 167 எல்.எஸ்.டி.களைக் கட்டிக்கொடுத்த ஊர் அது. பிலடெல்பியாவில் பிறந்த 325-ஐத் தத்தெடுத்துக்கொண்டது. எஞ்சின் இன்னும் ஓடுகிறது. ஆற்றோர ஊர்களுக்குப் போய் வருகிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு, டேங்குகள் நின்ற தளத்தில் குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள்.