குசினிப் புகையும் குடும்ப வருவாயும்



ஒரு குடும்பத்தின் பொருள்நிலையை அறிய விரும்புவோர் அதன் முன்விறாந்தையை நோக்குவது வழக்கம். நானோ குசினியைப் பார்க்கவேண்டும் என்பேன். அங்கு எரிவது யாதென அறிந்தால், வீட்டின் வருவாயோடு, அது ஊரிலுள்ளதா நகரிலுள்ளதா என்பதும் விளங்கிவிடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெருங்காடு இல்லை. வளவே நம் முன்னோருக்கு விறகுக்காடாய் அமைந்தது. காவோலை, கங்குமட்டை, பன்னாடை, ஊமல், பொச்சுமட்டை, சிரட்டை யாவும் அடுப்புக்கு உதவின. பல வீடுகளில் காசு கொடுத்து வாங்கிய எரிபொருள் விளக்கெரிக்கும் மண்ணெண்ணெய் ஒன்றே. கிணற்று நீரைத் துலாவும் தோள்வலியும் மேலே கொணர்ந்தன. இவ்வுழைப்புக்கு எந்தக் கணக்கேட்டிலும் விலையிடப்படவில்லை. புகையிலே கண் சிவந்து இருமிய தாய்மார் அறிவர் அதன் விலையை.

வருவாய் உயருந்தோறும் மக்கள் விறகை நீத்து மண்ணெண்ணெய்க்கும், பின் எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் படிப்படியாக ஏறுவர் என்று பொருளியல் அறிஞர் சிலர் ஏணியை உவமை காட்டினர். நம் கிராமத்து வீடுகள் அந்த ஏணிக்கு அடங்குவதில்லை. வெளிநாட்டுப் பிள்ளையின் பணத்தில் எரிவாயு அடுப்பு வந்த பின்னரும், கோடியிலே விறகடுப்பு அணையாதிருக்கிறது. தேநீருக்கு எரிவாயு, சோற்றுக்கு மின்சாரப் பானை, நெல் அவிக்கவும் ஒடியற்கூழ் காய்ச்சவும் விறகு. புதியது வந்து பழையதன் பக்கத்தில் அமர்ந்துகொள்கிறது.

நகரிலே கதை வேறு. இரண்டு பரப்புக் காணிக்குள் வீடு, மதில், வாகனக் கொட்டகை, சீமெந்து முற்றம் எல்லாம் அடங்கவேண்டும். காவோலை விழுவதற்கு அங்கு மரமேது? நீரும் மோட்டரினாலேயே மேற்றொட்டிக்கு ஏறுகிறது. மின்சாரம் நின்றால் விளக்கோடு தண்ணீரும் நின்றுவிடும். வசதி மிகுந்த வீடே ஒரு கம்பியை நம்பித் தொங்குகிறது.

கம்பி அறுந்த காலத்தை நாம் அறியாதவர்களல்லர். 1990களின் போர்க்காலத் தடைகளின்போது மண்ணெண்ணெய் அரும்பொருளாயிற்று. ஜாம் போத்தலில் சிறிது எண்ணெய் விட்டுத் திரியிட்ட விளக்கில் மாணவர் படித்தனர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். குடாநாடு தேசிய மின்வலையுடன் மீள இணைந்தது 2013இலேதான். பின்னர், 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது எரிவாயுச் சிலிண்டருக்கு மக்கள் வரிசையில் நின்றனர். மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலத்தை எட்டியது. ஆகஸ்டில் மின்கட்டணமும் சராசரி 75 வீதம் ஏறிற்று. குறைந்த அலகுகள் பாவிக்கும் எளியோருக்கே அவ்வுயர்வு வீதத்தில் மிகக் கூடியது.

அந்நாட்களில் நகரத்து உறவினர் ஒருவர் விறகு கேட்டு எம் வீட்டுக்கு வந்தார். அவர் கூரையில் சூரியத் தகடுகள் இருந்தன. ஆனால் மின்கலச் சேமிப்பு இல்லாது மின்வலையோடு இணைத்த தகடுகள், மின்வலை நின்றால் தாமும் நின்றுவிடும் இயல்பின. கொண்டுசென்ற விறகையும் முற்றத்துச் சீமெந்தில் மூன்று கல் வைத்தே எரித்தார், வீடெங்கும் புகை.

சென்ற ஆண்டு அவர் தம் மகளுக்கு நல்லூர்ப் பக்கமாக வீடு கட்டினார். குசினிக்குப் பின்னே நான்கடி இடம் விடும்படி மேசனிடம் அவர் சொன்னபோது நானும் அருகில் நின்றேன். புகைபோக்கியோடு கூடிய ஒரு விறகடுப்புக்காக அந்த இடம்.