மாத்திரையை நாமே நிறுத்தலாமா?

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இசையும் நாடகமும் நிகழவிருக்கும் இம்மேடையில் மருந்தைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நம் காலனியில் பல இல்லங்களில் இரத்த அழுத்தத்துக்கோ இருதய நோய்க்கோ நாள்தோறும் மாத்திரை உட்கொள்வோர் இருக்கின்றனர். அம்மாத்திரை உடலுள் என்ன செய்கிறது என்பதை அறியாமையால் விளையக்கூடிய பெருந்தீங்கு ஒன்று உண்டு. அதனை எடுத்துரைக்கவே முன்வந்தோம்.

மெட்டோப்ரோலால் என்னும் மருந்தை எடுத்துக்கொள்வோம். நெஞ்சுவலி, மாரடைப்பு, இருதயத் தளர்ச்சி, மிகுந்த படபடப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு மருத்துவர்கள் இதனை அளிக்கின்றனர். இவ்வின மருந்துகளுக்கு வழிவகுத்தவர் ஸ்காட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் பிளாக். 1960-களில் அவர் உருவாக்கிய புரோப்ரனலால் நெஞ்சுவலி மருத்துவத்தையே மாற்றியது. 1988-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். மெட்டோப்ரோலால் அதன் பின்னர் சுவீடன் நாட்டில் உருவாயிற்று.

அச்சமோ கோபமோ நேருங்கால் அட்ரினலின் என்னும் சுரப்பு நீர் இரத்தத்தில் கலக்கிறது. இருதயத் தசையில் அதற்கென அமைந்த வாயில்கள் உண்டு. அவற்றின் வழியே அது இருதயத்தை விரைந்தும் வலிந்தும் துடிக்கச் செய்கிறது. மெட்டோப்ரோலால் அவ்வாயில்களுக்குப் பூட்டு இடுகிறது. துடிப்பு நிதானமடைகிறது, இருதயத்தின் வேலை குறைகிறது, அழுத்தமும் தணிகிறது.

இங்கேதான் நாம் கருதவேண்டிய நுட்பம் உளது. வாயில்கள் நெடுநாள் பூட்டிக் கிடப்பதை உணர்ந்த உடல், புதிய வாயில்களை மிகுதியாக அமைத்துக்கொள்கிறது. மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் எல்லாப் பூட்டுகளும் ஒருங்கே திறந்துவிடும். முன்னிலும் மிகுந்த வாயில்கள் வழியே அட்ரினலின் இருதயத்தைத் தாக்கும். அதனால் நெஞ்சுவலி மிகலாம், மாரடைப்பே நேரலாம். நிறுத்துவது அவசியமாயின், மருத்துவர் ஒன்றிரண்டு வாரங்களிலோ அதற்கு மேலோ அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்.

"உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, மாத்திரை எதற்கு?" என்று கேட்கிறோம். உடம்பு நன்றாக இருப்பதற்கு அம்மாத்திரையும் ஒரு காரணம் என்பதை மறந்துவிடுகிறோம். கோடை விடுமுறையில் ஊருக்குப் புறப்படும்போது நெய்யும் பலகாரமும் நினைவாகக் கட்டுகிறோம். மாத்திரையோ மேசைமேல் தங்கிவிடுகிறது. திருமண வீட்டுச் சந்தடியில் நான்கு நாள் கழிந்துவிடுகிறது. ஆதலின், தங்கும் நாளினும் ஒரு வாரம் கூடுதலாக மாத்திரை கொண்டு செல்வோமாக. அதனைப் பெட்டியில் வையாது கைப்பையில் வைத்துக்கொள்வதே நன்று.

மருத்துவர் எழுதிய சீட்டும் உடனிருத்தல் வேண்டும். மெட்டோப்ரோலால் இரு வகைப்படும். டார்ட்ரேட் வகையைப் பெரும்பாலும் நாளுக்கு இருவேளை உட்கொள்வர். சக்சினேட் வகை மெல்லக் கரைவதால் ஒருவேளை போதும். வெளியூர்க் கடையில் ஒன்றுக்கு மற்றொன்றை வாங்கிவிடலாகாது. மெல்லக் கரையும் மாத்திரையை மென்றோ பொடித்தோ உண்ணலாகாது. ஒருவேளை மறந்துவிட்டால் அடுத்த வேளையில் இரண்டாக விழுங்குதலும் தவறு.

சிலருக்குக் கை கால் சில்லிடும். வடநாட்டுக் குளிர்காலத்தில் இது மிகுதியாகத் தோன்றும். சிலருக்கு எழுந்து நிற்கையில் தலை சுற்றும். மயக்கம் வந்தாலும், மூச்சுத் திணறினாலும், நாடி நிமிடத்துக்கு 50-க்குக் கீழ் இறங்கினாலும் உடனே மருத்துவரை நாடவேண்டும். ஆஸ்துமா உடையோர் அதனை முன்னரே அவரிடம் கூறுக. நீரிழிவு உடையோர்க்கு ஓர் எச்சரிக்கை: சர்க்கரை மிகத் தாழும்போது தோன்றும் படபடப்பையும் நடுக்கத்தையும் இம்மருந்து மறைத்துவிடக்கூடும், வியர்வை ஒன்றே அறிகுறியாக எஞ்சலாம்.

பெற்றோர் ஊரிலும் பிள்ளைகள் இங்குமாக வாழும் குடும்பங்கள் நம்முடையவை. வாரந்தோறும் தொலைபேசியில் மழையையும் உறவினரையும் விசாரிக்கிறோம். "மாத்திரை இன்னும் எத்தனை நாளுக்கு இருக்கிறது?" என்ற கேள்வியையும் அவற்றோடு சேர்த்துக்கொள்வோமாக. அனைவரும் நலமுடன் நீடு வாழ்க!